மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, மிச்சம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் லீவு. அப்பாவுக்கு மாத்திரை, பல் விளக்கல், உடம்பு துடைத்தல், பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் பத்தடி. பத்தடிக்கு இருபது நிமிடம். அப்புறம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார், நான் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். என் இடுப்பு விட்டுப்போய்விட்டது.

ஏப்ரலில் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது பக்கம் விழுந்தபோது, மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பகல்களைப் பிரித்துக்கொண்டோம். அண்ணன், "நான் மூணுல ஒரு பங்கு பாத்துக்கறேன்" என்றான். தங்கச்சி, தன்னால் நாலில் ஒரு பங்குதான் முடியும், தன் நிலைமை எல்லாருக்கும் தெரியும் என்றாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மிச்சம் நீ. சரி என்று தலையாட்டினேன். மூணு, நாலு என்று போகிறது, அப்படியானால் எனக்கு அஞ்சில் ஒன்று வரும்போல என்று மனதுக்குள் ஏதோ ஓடியது. அஞ்சில் ஒன்று சின்னதாச்சே என்று சந்தோஷம் வேறு!

இராத்திரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாவோடு குடியிருப்பவள் நான். அது தானாகவே என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜூன் 5

வேலை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நிற்கும் நேரம்தான் எனக்கு ஓய்வு என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நீராவி, இரைச்சல், ஈரத்துணி வாடை. ஆனால் எந்தத் துணியும் என்னைக் கூப்பிடாது.

ஜூன் 9, திங்கள்

சூப்பர்வைசர் அறிவிப்பு ஒட்டினார். தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதம் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் நான்கில் மூன்று பங்கு நாட்கள் வந்திருக்க வேண்டும், வார விடுமுறையும் வராத நாளாகத்தான் சேரும். ஒரு மாதம் குறைந்தாலும் பட்டியலில் பெயர் இருக்காது. பட்டியலில் இல்லாதவர்கள் ஜனவரி முதல் வர வேண்டியதில்லை.

ஒன்பது வருடம். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். தலை நரைத்தது மட்டும்தான் நிரந்தரம்.

முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். மே மாதத்தில் நான் வராதது பன்னிரண்டரை நாள். "இப்படி இருந்தா எப்படிம்மா?" என்றார். நல்ல மனிதர், திட்டக்கூட இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பன்னிரண்டரையா? என் பங்கு சின்னதுதானே?

ஜூன் 11

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே மேலே மேலே கூட்டினேன், கீழே கீழே கூட்டினேன். மேலே இரண்டு, கீழே ஏழு. ஏழில் இரண்டு.

அப்படியென்றால் முப்பது நாளில் அவர்கள் இருவரும் சேர்ந்து எட்டரை நாள் சொச்சம்தான் வருகிறார்கள். பிடித்துவிட்டேன் திருட்டை என்று போனைக் கையில் எடுத்தேன். நல்லவேளை, எண்ணை அழுத்துமுன் ஒரு நினைப்பு வந்தது. அண்ணன் மட்டுமே பத்து நாளாச்சே. அண்ணனோடு தங்கச்சியைச் சேர்த்தால் எப்படிக் குறையும்? அவள் வந்து அவன் நாளைத் தின்றுவிடுகிறாளா?

கணக்கு தப்பு. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 14, சனி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

படுக்கை விரிப்புக்கு எங்கள் சலவைக்கூடத்தில் ஒரே மடிப்புதான். அகலத்தை மூன்றாக, நீளத்தை நான்காக. அலமாரித் தட்டின் அளவு அப்படி. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்பதில் எனக்கு ஜோடி நெட்டை. அவள் கையும் என் கையும் ஒரே உயரத்துக்கு வர நான் ஒன்பது வருடமாகக் குதிகாலைத் தூக்கி நிற்கிறேன்.

இன்று ஒரு விரிப்பில் கறை போகவில்லை. மடித்ததைப் பிரித்து மேசையில் விரித்தோம். மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. இந்தப் பக்கம் மூன்று பட்டை, அந்தப் பக்கம் நான்கு. மொத்தம் பன்னிரண்டு கட்டம். அப்படியே நின்றுவிட்டேன். "என்னடி, பேய் அறைஞ்சா மாதிரி?" என்றாள் நெட்டை.

மூன்றில் ஒன்று என்றால் நீளவாக்கில் ஒரு பட்டை. அதில் நான்கு கட்டம். அது அண்ணன். நான்கில் ஒன்று என்றால் குறுக்கே ஒரு பட்டை. அதில் மூன்று கட்டம். அது தங்கச்சி. இரண்டு பட்டையையும் கையால் தடவிக்கொண்டே எண்ணினேன். ஆறு வந்தது. மறுபடி எண்ணினேன். ஆறுதான். நான்கும் மூன்றும் எப்படி ஆறாகும்? நெட்டையிடம் சமாசாரத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மூலைக் கட்டத்தில் விரலை வைத்தாள். இரண்டு பட்டையும் அந்த ஒரு கட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன.

"இங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து நிக்கறாங்க. உங்க வீட்ல அது நடக்குமா?"

அண்ணனும் தங்கச்சியும் ஒரே நாளில் வந்து நின்றதாகச் சரித்திரமே கிடையாது. ஏறிக்கிடந்த கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினேன். ஏழு. பன்னிரண்டில் ஏழு அவர்களுடையது. மிச்சம் ஐந்து கட்டம், சுருக்கம் சுருக்கமாக, என் முன்னால்.

மூன்று பேரில் பெரிய பங்கு என்னுடையது. கேட்டால் நான் மிச்சம்.

ஜூன் 15

ஒரு கட்டம் என்பது மாதத்துக்கு இரண்டரை நாள். அண்ணனுக்கு நான்கு கட்டம், பத்து நாள். தங்கச்சிக்கு மூன்று கட்டம், ஏழரை நாள். (அவள் வந்துபோனால் வீடு இருக்கும் நிலைக்கு ஏழரை என்பது சரியான எண்தான்.) எனக்கு ஐந்து, பன்னிரண்டரை. வேலை எனக்கு விட்டுத்தருவது நான்கில் ஒன்று, அதாவது மூன்று கட்டம். ஆக, இரண்டு கட்டம் இடிக்கிறது. பன்னிரண்டில் இரண்டு. மாதம் ஐந்து நாள்.

இந்த ஐந்து நாளை யாராவது வாங்கிக்கொண்டால் எனக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று வயதில் மடிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியதுதான்.

ஜூன் 18

ஆள் போடலாமே என்று நெட்டை கேட்டாள். ஆளுக்குக் கொடுக்க இருந்தால் நான் ஏன் இப்படி விரிப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு நிற்கிறேன்?

ஜூன் 22, ஞாயிறு

எல்லாரையும் வரச் சொன்னேன். பழைய விரிப்பு ஒன்றை நானே மடித்துப் பிரித்துத் தரையில் போட்டுக் காட்டினேன். அண்ணன் முதலில் சிரித்தான், பிறகு குனிந்து கட்டங்களை எண்ணினான், பிறகு சிரிக்கவில்லை.

அவன் பேசியதில் தப்புச் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள், மூன்றில் ஒரு பங்கு, தான் செய்கிறேன் என்றான். ஒரு கட்டம் குறைவது தங்கச்சியிடம்தான். அது சரி. அதுதான் எரிச்சல். எல்லாரும் சமமாக எடுத்தால்கூட எனக்கு நான்கு கட்டம், பத்து நாள். அப்போதும் வேலை போகும். யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆளுக்கு ஒரு கட்டம் கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஆளுக்கு இரண்டரை நாள். கெஞ்சினேன் என்றே எழுதலாம். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அவளுடைய அழகு நிலையத்தில் ஒரு நாள் கதவைச் சாத்தினால் வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்களாம். பொய்யில்லை. அண்ணன் யோசிக்கலாம் என்றான். அவன் யோசிக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அப்போதுதான் அண்ணி, அதுவரை வாயே திறக்காதவள், சொன்னாள்:

"அவரோட பத்து நாள்ல ஒம்பது நாள் வர்றது நான். என் முதுகைக் கேட்டுட்டு யோசிங்க."

அந்த ஒன்பது நாளை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது கட்டிலிலிருந்து அப்பாவின் குரல். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குச் சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும். "என்... பங்கு... எத்தனை?"

அண்ணன் கட்டிலுக்குப் போய், இது சொத்துப் பேச்சு இல்லை, வீட்டை யாரும் பிரிக்கவில்லை, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்று தட்டிக்கொடுத்தான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விரிப்பை யாரும் மடிக்காமலே கிளம்பினார்கள். மூன்று, நான்கு என்று நானே மடித்துவைத்தேன்.

ஜூன் 23

காலையில் சட்டை போட்டுவிடும்போது அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அஞ்சு நாள்... நான் பாத்துக்கறேன்."

"யாரைப்பா?"

"என்னை."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது. பொத்தானே போடத் தெரியவில்லை, இவர் பார்த்துக்கொள்வாராம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். நாள் முழுக்க நான் மடித்தது ஒன்றும் நேராக வரவில்லை.

ஜூன் 25

அப்பாவுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மாவிடம் கேட்டேன். நடப்பதும் கழிப்பறை போவதும் மெதுவாக அவரால் முடியும், எல்லாம் இடது கைக்கு எட்ட வேண்டும், போன் சட்டைப் பையில் இருக்க வேண்டும், தரையில் ஈரம் கூடாது என்றார். பிறகு, "விழவே மாட்டார்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். நேர்மையான பதில். நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜூன் 27

முதல் ஒத்திகை. கதவைச் சாத்திவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆறு பேருந்து போயிற்று. திரும்பி வந்தபோது அப்பா குளியலறை வாசலில் வாக்கரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முன்சக்கரம் வாசல் கட்டையில் மாட்டியிருக்கிறது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் எவ்வளவு நேரம் நின்றாரோ. ஏன் கூப்பிடவில்லை என்று கத்தினேன். "இன்னும்... முயற்சி பண்ணிட்டு... இருந்தேன்" என்றார்.

கொத்தனாரை வரச்சொல்லிக் கட்டையைப் பெயர்க்க வேண்டும்.

ஜூன் 29

அண்ணனிடம் சொன்னேன். குதித்தான். அப்பாவைத் தனியாகப் போட்டுவிட்டுப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான். அந்த நாலு பேரையும் வரச் சொல், ஐந்து நாளை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒண்ணேகால் நாள்தான் வரும் என்றேன். போனை வைத்துவிட்டான். வைக்குமுன் பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

அப்பாவின் முதல் நாள். ஏழரைக்குக் கிளம்பினேன். ஃப்ளாஸ்க், பழம், சாப்பாட்டுத் தட்டு, மாத்திரை, டவல் எல்லாம் இடது பக்கம். பத்து மணிக்கு ஒரு போன், பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. மூன்றாவது தடவை, "வேலையைப் பாரு" என்று இரண்டு சொல்லும் தட்டாமல் சொன்னார்.

ஆறு மணிக்கு வந்தேன். சட்டையெல்லாம் சாப்பாடு. லுங்கி ஈரம். மனிதர் நாற்காலியில் ராஜா மாதிரி.

ஜூலை 31

இந்த மாதம் தப்பித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விழுந்துவிட்டார்.

அவருடைய நாள். காலைப் போனை எடுத்தார், பன்னிரண்டு மணிப் போனை எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லக்கூட இல்லை, ஓடினேன். குளியலறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்ப்பு, தொடையில் கன்றிப்போன அடி. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. விழுந்தது பதினோரு மணிக்காம். ஏன்ப்பா கூப்பிடல, ஏன் கூப்பிடல, நான் செத்தா போயிட்டேன்? இதையே எத்தனை தடவை கேட்டேனோ.

அண்ணன் வந்தான். "ஒரு வேலைக்காக அவரைக் கொன்னுடுவ போல" என்றான். வேலைக்காகத்தான் விட்டுவிட்டுப் போனேன். அதை வேறு எப்படி எழுதுவது?

ஆகஸ்ட் 20

நாளை போய்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. இனி ஓட வேண்டாம்.

மாலையில் அப்பா நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமையில் இடது கை விரலை வைத்தார். அதில் நான்தான் "அப்பா" என்று எழுதியிருந்தேன்.

"இது... என்னுது."

நான் முடியாது என்றேன். விரலை எடுக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தேன். அப்போதும் விரல் அங்கேயே. பிடிவாதத்தில் எங்கள் மூன்று பேரையும் பெற்றவர்தானே.

ஆகஸ்ட் 23, சனி

போனேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும். தரைக்கு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறது, சுவரில் கைப்பிடி அடித்திருக்கிறது. கைப்பிடியை அடித்தது அண்ணன். வந்து, அடித்து, இழுத்துப் பார்த்து, போய்விட்டான்.

செப்டம்பர் 12

களைப்பு. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 30

இந்த மாதம் ஒரே ஒரு நாளில் தப்பித்தேன். காய்ச்சலோடு மூன்று நாள் போனேன்.

அக்டோபர் 16

அண்ணியின் முதுகுக்கு டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கிறார். அண்ணனே வந்தான், தொடர்ந்து நான்கு நாள். இன்று நான் வீடு திரும்பியபோது வாசலில் செருப்பை மாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தான். "எப்படிச் செய்யறீங்க இதை?" என்றான். கேட்டானே தவிர பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கு அவன்மேல் ஐந்து மாதமாக இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதியை வைத்துக்கொள்கிறேன், எதற்கும் உதவும்.

நவம்பர் 21

தங்கச்சி சொன்னாள், அவள் நாட்களில் அப்பா நாலு மணிக்கே கிளம்பு, கிளம்பு என்கிறாராம். பாவம், அவள் கடையை நினைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

டிசம்பர் 31

ஆறு மாதமும் தேறிவிட்டேன். நம்பிக்கை வரவில்லை. பதிவேட்டை நானே இரண்டு முறை எண்ணினேன்.

ஜனவரி 5, திங்கள்

ஆணை கையில். நெட்டை என்னைத் தூக்கியே விட்டாள். முதல் தடவையாக அவள் உயரத்திலிருந்து கூடத்தைப் பார்த்தேன். மேலே ஒட்டடை நிறைய இருக்கிறது.

ஜனவரி 6

இனி எனக்கும் முறையான லீவு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் தேறும். சூப்பர்வைசரிடம் கேட்டு வார விடுமுறையை மாற்றிக்கொண்டால் ஐந்தையும் மூடிவிடலாம். ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன்: இனிமேல் உங்களைத் தனியாக விட மாட்டேன், அந்த ஐந்து நாளையும் நானே எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம்" என்றார். அவர் விழுந்த நாளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். சொற்களைத் தேடிச் சேர்க்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"மாசம் பூரா... யாராவது... என்னைத் தொட்டுக்கிட்டே இருக்கீங்க. அந்த அஞ்சு நாள்... யாரும் வர்றதில்ல. நல்லா இருக்கு. அதை... எடுத்துக்காத."

முப்பது வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கப் போனவர். காலையில் ஒற்றை ஆளாகத் தெருவில் இறங்கினால் மாலைவரை ஒற்றை ஆள். இது எனக்குத் தெரியாத விஷயமா? பன்னிரண்டு கட்டத்தையும் நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டுப் பிரித்தோம். எல்லாமே அவருடைய நாட்கள். தன் பங்கு எத்தனை என்று அவர் கேட்டதற்குச் சொத்துப் பேச்சு இல்லை என்று தட்டிக்கொடுத்தோம்.

எனக்கு வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை செய்தும் நான் இல்லாத நாள்தான் நல்ல நாளா? அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சரிப்பா, எடுக்கவில்லை என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அப்பாவின் நாள். இன்று எனக்கு வார விடுமுறையும்கூட. வீட்டிலேயே இருக்கலாம் என்று காலையில் டீயோடு உட்கார்ந்தேன். அப்பா என் செருப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கே போவதென்று தெரியவில்லை. வந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். பாதி வழி தூங்கினேன். அங்கே ஒரு கடையில் நின்று டீ குடித்தேன், ஒரு பூங்கா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தேன். யாருக்கும் மாத்திரை நேரம் இல்லை. போனை ஒரு தடவை எடுத்தேன், கூப்பிடாமல் பைக்குள் வைத்துவிட்டேன்.

திரும்பித் தெருமுனையில் இறங்கும்போது மணி ஐந்தரை. எங்கள் ஜன்னல் தெரிந்தது, விளக்கு போட்டிருந்தார். நான் வருவதாகச் சொன்னது ஆறு மணிக்கு. இன்னும் அரை மணி நேரம் அவருடையது. முனைக் கடை ஓரமாக நின்றுகொண்டேன்.